சமிக்ஞைகள் ஒன்றையொன்று அறிய வேண்டும்

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என நீளும் ஊர்களிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வருவோர், வாவியைக் கடக்கக் கல்லடிப் பாலத்தையே பெரிதும் நம்பியுள்ளனர்.

1924 இல் அமைந்த பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையிலேயே வாகனங்கள் செல்ல முடிந்தது. மறுகரையினர் தமது முறைக்காகக் காத்து நின்றமையை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் அத்தவிப்பை நீக்கியது. எனினும், பாலம் அகன்றதனால் மட்டும் நெரிசல் தீர்ந்துவிடாது. அது அடுத்த சந்திக்கு இடம்பெயரவும் கூடும்.

சந்திக்குச் சந்தி சமிக்ஞை விளக்கு நாட்டுவதும் முழுத் தீர்வாகாது. 1868 இல் லண்டனில் நிறுவப்பட்ட எரிவாயு விளக்கு தன் சந்தியை மட்டுமே அறிந்திருந்தது. 1963 இல் கனடாவின் டொரொண்டோ நகரம் சமிக்ஞைகளைக் கணினியால் ஒருங்கிணைத்து வழிகாட்டியது.

இதன் தத்துவம் எளியது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 400 மீற்றரை 36 செக்கன்களில் கடக்கும். முதற் சந்தியில் பச்சை எரிந்து 36 செக்கன்களின் பின்னர் அடுத்த சந்தியில் பச்சை எரியுமாயின், அவ்வாகனம் நிற்காமலே செல்லலாம். விரைந்தோடுபவர் சிவப்பு விளக்கின் முன் காத்திருக்க நேரிடும். இதற்குச் சந்திகள் அனைத்தும் ஒரே சுற்று நேரத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். ஒரு திசைக்கு வசதியான ஒழுங்கு எதிர்த்திசைக்குத் தடையாகலாம் என்பதால், காலையில் நகரை நோக்கியும் மாலையில் ஊர்களை நோக்கியும் முன்னுரிமையை மாற்றியமைப்பர். அம்புலன்ஸ் வண்டி வரும்போது அதற்கு வழிவிடும் ஏற்பாட்டையும் இதில் இணைக்கலாம். அக்கரையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு விரையும் நோயாளிக்குச் சில நிமிடங்களும் உயிர் போன்றவை.

வீதியோரத்தில் தாறுமாறாக வாகனங்களை நிறுத்திவைத்தால் எந்தக் கணினியும் உதவாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வீதி மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லைகளைத் தொட்டுச் செல்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையிலேயே காத்து நிற்கின்றனர். எனவே சபைகளும், வீதி அபிவிருத்தி அதிகார சபையும், போக்குவரத்துப் பொலிஸாரும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். விளக்குகளை இணைப்பதற்கு முன்னர், அவற்றை இயக்குவோர் இணைந்தாக வேண்டும்.