நர்ஸ் படிப்புக்கு மூன்று வாசல்கள்: ஒரு சிறு வரலாறு



பிளஸ் டூ முடிவு வந்ததும் பழைய மாணவர்களிடமிருந்து எனக்குப் போன் வரும். "சார், பொண்ணு நர்சிங் போகணும்கிறா. டிப்ளமாவா, டிகிரியா?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒரே வேலைக்கு ஏன் இத்தனை படிப்பு என்பதற்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

1860இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். வார்டில் வேலை செய்துகொண்டே தொழில் பழகும் முறை அது. நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. மருத்துவமனையோடு ஒட்டி வளர்ந்த இந்த வழிதான் இன்றைய ஜி.என்.எம். டிப்ளமா. மூன்று ஆண்டுகள்.

1946இல் இரண்டாவது வாசல் திறந்தது. அந்த ஆண்டு டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு வெளிவந்த போர் குழு அறிக்கை, 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்றது. இன்றைய பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாசல், சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்காக வந்த ஏ.என்.எம். இரண்டு ஆண்டுகள். தடுப்பூசி போட வீடு தேடி வரும் நர்சம்மாவை நமக்குத் தெரியுமே, அவர்கள் வந்த வழி இது. மதிப்பான வேலைதான். ஆனால் துணைச் செவிலியர் என்றுதான் பதிவு கிடைக்கும். ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டுக்கும் கிடைக்கும் செவிலியர் பதிவு இதற்குக் கிடைக்காது.

இந்தப் 'பதிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்னை மாகாணத்தில் 1926லேயே செவிலியர், தாதியர் சட்டம் வந்துவிட்டது. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். பதிவேடு அதற்காகத்தான். 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்து, நாடு முழுவதற்கும் பாடத்திட்டம் ஒழுங்குபட வழி செய்தது. ரெஜிஸ்டர்டு நர்ஸ் என்பதன் பொருள் அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதுதான். வெள்ளை உடுப்பு போட்டதால் மட்டும் அது வந்துவிடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் மாணவர் ஒருவரின் மகள், பக்கத்து ஊர் நிறுவனம் ஒன்றில் 'நர்சிங்' என்ற பெயரில் இரண்டு வருடம் படித்தாள். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சான்றிதழைக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாதென்று. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. படிப்பில் குறையில்லை, சேர்ந்த இடத்தில்தான் குறை.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். படிப்பின் முழுப்பெயர் என்ன? மாநிலக் கவுன்சிலில் எந்தப் பெயரில் பதிவாகும்? பயிற்சிக்கு எந்த மருத்துவமனை? பட்டப்படிப்பு என்றால் பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். வாய்வார்த்தையை நம்பாமல் கவுன்சில் பட்டியலில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வசதியும் மதிப்பெண்ணும் இருந்தால் பி.எஸ்சி. நல்லது. எம்.எஸ்சி. படிக்க நேர்வழி அது. வீட்டு நிலைமை இடம் கொடுக்காவிட்டால் ஜி.என்.எம். முடித்து, பதிவு பெற்று, சம்பாதித்து, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேரலாம். கூடுதலாக ஒரு வருடம் ஆகும், அவ்வளவுதான். நானும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவோடு வகுப்பறைக்குள் வந்தவன். டிப்ளமாவை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

நர்சாக இருக்கும் என் மாணவிகள் தாங்கள் வந்த வழியைக் கீழே எழுதுங்கள். இந்த வருடம் சேரப்போகும் பிள்ளைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்