பெயர் வைக்க முந்திப் போன பிள்ளைகள்



நமது மூத்தம்மாமாரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது ஒன்பது, இருக்கிறது ஆறு" என்பார்கள். பெயர் வைக்க முந்தியே மௌத்தாகி மையவாடிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள்?

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி, 1897இல் கட்டாயமானது. மலேரியா பரவிய 1935இல், ஆயிரம் பிறப்புக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தது அந்தப் பதிவால்தான் நமக்குத் தெரிகிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை பிறகு நாடெங்கும் பரவியது. மருத்துவமாது வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் எழுதிக்கொண்டார். இன்று அந்த 263 பத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இப்போது மிஞ்சியிருக்கும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் 28 நாட்களுக்குள் நடப்பவை. ஒரு தரம் அழுதுவிட்டு இறந்த பிள்ளைக்கும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதியவேண்டும். பதியாவிட்டால் கணக்கில் நம் ஊர் நல்லாயிருப்பதாகத் தெரியும். குறை எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள்.

ஜனாஸாவை அடக்கியதோடு நின்றுவிடாமல் பதிவாளரிடமும் போவோம். அடுத்த தாய்க்கு நாம் செய்யக்கூடிய உதவி அது.