இணையப் படத்தொடர்களில் நகையும் வரையறையும்

படமும் சொல்லும் கலந்து நகை விளைக்கும் சிறு தொடர்களை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமோ என்னும் ஐயம் கற்றோரிடையே இன்றும் உண்டு. மாணவர் ஒருவர் இத் தலைப்பினை எடுக்க முன்வந்தபோது, 'இது பொழுதுபோக்கு அன்றோ?' என யாமே முதற்கண் வினவினோம். அத் தொடர்களைப் படித்த பின்னரே அவ் வினா பொருந்தாது என உணர்ந்தோம். கணினி இணையத்தில் தோன்றிய நகைச்சுவைத் தொடர்களை, அமெரிக்காவிலும் கனடாவிலும் அவை வளர்ந்த அளவில், ஈண்டு ஆராய்வாம்.

இவற்றிற்கு முற்பட்ட செய்தித்தாள் தொடர்களின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த தொடர்கள் பெரும்பாலும் விற்பனை நிறுவனங்களின் வழியே இதழ்களுக்குச் சென்றன. எதனை வரைவது, எத்துணை இடத்தில் வரைவது என்பன வரைவோர் கையில் முழுதும் இல்லை. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' (1985–1995) வரைந்த பில் வாட்டர்சன் 1989இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், இடம் சுருங்கச் சுருங்கக் கலையும் சுருங்குகின்றது என்பதனை வன்மையாக எடுத்துரைத்தார். அக் குறை தீர வழி பிறந்தது இணையத்தில்தான். 1993 செப்டம்பரில் டேவிட் ஃபார்லி தம் 'டாக்டர் ஃபன்' என்னும் ஒற்றைக்கட்டப் படங்களை இணையத்தில் வெளியிடலானார். இடைநின்று தடுக்கும் பதிப்பாசிரியர் எவரும் அங்கு இலர்.

2000ஆம் ஆண்டில் ஸ்காட் மெக்கிளவுட் வெளியிட்ட நூலொன்று, கணினித் திரை ஏட்டின் எல்லையற்றது, ஆதலின் படத்தொடரும் எல்லையின்றி எத் திசையிலும் விரிதல் கூடும் என்றது. அக் கருத்துப் பெரும் ஆர்வத்தை எழுப்பியது. ஆயின் நிகழ்ந்தது வேறு. நகைச்சுவைத் தொடர்களுட் பெரும்பாலன மூன்று நான்கு கட்டங்களையே விரும்பி ஏற்றன. இதனை வரைவோரின் சோம்பல் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. நகை முடியுமிடம் ஒன்று வேண்டும். எல்லையே இல்லாத வெளியில் அம் முடிவிடத்தைக் காண்டல் அரிது.

இதற்குச் சிறந்த சான்று கனடா நாட்டவரான ரயன் நார்த் 2003 பிப்ரவரியில் தொடங்கிய 'டைனோசார் காமிக்ஸ்' ஆகும். இவர் டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் கணினி மொழியியல் பயின்றவர், ஓவியர் அல்லர். ஆயத்தமாகக் கிடைத்த விலங்குப் படங்களைக் கொண்டு ஆறு கட்டங்களை அமைத்தார். அவ் ஆறு கட்டங்களே 4000க்கும் மேற்பட்ட தொடர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன, சொற்களே மாறுகின்றன. முதலிரு கட்டங்களில் டி-ரெக்ஸ் என்னும் பேருயிர் தான் கண்ட உண்மை ஒன்றனைப் பெருமிதத்துடன் அறிவிக்கும். மூன்றாவதில் சிறு வீடு ஒன்றன்மீது கால் தூக்கி நிற்கும். அருகில் நிற்கும் தோழி ஒரு கேள்வி கேட்பாள். நான்காவதில் அதன் கால் ஒரு சிறு பெண்ணின்மேல் உயர்ந்திருக்க, யூட்டாராப்டர் என்னும் நண்பன் பின்னிருந்து மறுப்புரைப்பான். ஐந்தாவதிலும் வாதம் தொடரும். ஆறாவதில் டி-ரெக்ஸ் தனித்து நிற்கும்.

பேச்சோ அன்பு, அறம், இலக்கணம், இறப்பு என உயர்ந்து செல்லும். காலோ என்றும் வீட்டின்மேல் தூக்கியபடியே நிற்கும். இம் முரண்பாடு சொல்லப்படுவதே இல்லை. நாளடைவில் படிப்பவர் கண்ணுக்கும் மறைந்துவிடும். என்றேனும் ஒருநாள் டி-ரெக்ஸ் தன் காலடியை எண்ணிப் பேசுமாயின், முன்னைத் தொடர்கள் அனைத்தும் கூடி நகை விளைக்கும். முதன்முறை காண்பார்க்கு இத் தொடர் வறிதாகத் தோன்றுவதும், நூறு படித்தார்க்கு விட முடியாததாவதும் இதனால் என்க. ஒரே யாப்பில் ஆயிரம் பாடல் பாடிய மரபில் வந்த நமக்கு இது விளங்காத ஒன்றன்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களம் கூறும். டி-ரெக்ஸின் நகை பேதைமையில் நிற்பது; பிறரை எள்ளுதல் அதில் அரிது. 1998இல் தொடங்கிய 'பென்னி ஆர்கேட்' கணினி விளையாட்டு உலகினை எள்ளிப் பெரும்புகழ் ஈட்டியது. ஆயின் அதன் தொடக்கக் காலத் தொடர்களுட் பல, அவ் விளையாட்டுகளை அறியாதார்க்கு இன்று உரையின்றிப் பொருள் தரா. எள்ளப்பட்ட பொருள் மறையின் எள்ளலும் மறையும். பேதைமைக்கு அக் குறை இல்லை.

எம் கருத்துக்கு மாறான சான்று ஒன்றும் உண்டு. ராண்டல் மன்ரோ 2005இல் தொடங்கிய 'எக்ஸ்கேசிடி' குச்சி உருவங்களால் அமைந்தது. அதன் 'டைம்' என்னும் தொடர் 2013இல் ஏறத்தாழ நான்கு திங்கள் சிறிது சிறிதாக மாறி, 3099 படங்களாக விரிந்து, 2014இல் ஹியூகோ பரிசும் பெற்றது. எல்லையற்ற விரிவு அங்கு வென்றதே என்பர். உண்மை, ஆயின் அங்கு மேலோங்கியது நகை அன்று, மருட்கை. இத் தொடர்களின் அறிவியற் குறிப்புகளுக்கு வாசகர் கூடி உரை வகுத்து வருகின்றனர். உரை மரபு அழிந்தது என வருந்துவார் அதனைக் காண்க.

இனி, இவை நிலைக்குமா என்னும் கவலை உண்டு. 'டாக்டர் ஃபன்' 2006இல் நின்றது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் இணைய ஏட்டகம் அதனைப் பேணி வந்துள்ளது. 1997இல் தொடங்கிய 'யூசர் ஃப்ரெண்ட்லி'யோ 2022இல் தன் தளத்தோடு மறைந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையப் படத்தொடர்களுக்கெனத் தொகுப்பு ஒன்றனை 2018இல் வெளிப்படுத்தியது நற்செய்தியே. எனினும் தொகுப்பார் ஒன்றனைக் கருதல் வேண்டும். நார்த், மன்ரோ இருவரும் படத்தின்மேல் சுட்டியை வைத்தால் மட்டுமே தோன்றும் ஒருவரியை மறைத்து எழுதுவர். பலகால் இறுதி நகை அதன்கண்தான் உளது. படத்தை மட்டும் படியெடுத்துப் பரப்புவார் அவ் வரியை இழக்கின்றனர். படம் முழுமையாகத் தோன்றுவதால் இழந்ததனை அறிவாரும் இலர். அவ் வரியற்ற படியினை மூலமாகக் கொண்டு ஆய்வுரை எழுதுதல் தகாது என எம் மாணவர்க்குக் கூறியுள்ளோம்.