வேதாளையில் கரையேறிய கப்பல்கள்

ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கரையோரமாகக் கிழக்கே போனால் கீழக்கரை, பெரியபட்டினம் தாண்டி, மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை வரும். 1538-ன் தொடக்கத்தில் இலங்கையின் சண்டை ஒன்று இந்த மணலில் நடந்து முடிந்தது.

1521-ல் இலங்கையின் கோட்டை அரசன் விஜயபாகுவைக் கொன்றுவிட்டு அவன் பிள்ளைகள் மூவரும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூத்தவன் புவனேகபாகு கோட்டையில் அமர்ந்து போர்த்துகீசியரைத் துணைக்கு வைத்துக்கொண்டான். சீதாவாக்கையை ஆண்ட தம்பி மாயாதுன்னை, கோழிக்கோட்டு மன்னன் சாமூதிரியிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். சாமூதிரி அனுப்பியது பட்டு மரைக்காயரையும் குஞ்ஞாலி மரைக்காயரையும் அலி இப்ராகிமையும்.

பட்டு மரைக்காயர் முதலில் கொச்சி வியாபாரி. போர்த்துகீசியரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். அது கசந்த பிறகுதான் கோழிக்கோட்டுப் பக்கம் போனார். இந்தப் போரை மதச்சண்டையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலங்கையின் கறுவா யாருக்கு, மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபம் யார் கையில் என்பதே வழக்கு. 1536, 37-ல் முத்துக்குளிக்கும் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்கும் முத்துக்குளிப்பில் எழுந்த தகராறே பின்னணி. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. போர்த்துகீசியரிடம் பீரங்கி இருந்தது.

சுமார் 50 கலங்களோடு குமரிமுனையைச் சுற்றி வந்த மரைக்காயர் படை, வழியில் பரதவர் ஊர்களையும் தாக்கிவிட்டு வேதாளையில் கரையேறியது. ஏன் அங்கே? மண்டபத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அவர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். வெளியே முயல் தீவும் மனோலித் தீவும் பவளப் பாறைகளும் அலையைத் தடுக்கும். கலங்களை மணலில் இழுத்துப் போட்டுப் பழுது பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் மணலில் கிடக்கும் கப்பல் சண்டை போடாது.

அந்த நிலையில்தான் போர்த்துகீசியத் தளபதி மார்த்திம் அபோன்சோ டி சோசா வந்து விழுந்தான். அவனிடம் இருந்தவர்கள் சுமார் 600 பேர். எதிரிகள் 8000 என்று எழுதிவைத்தவர்கள் போர்த்துகீசியர்கள். ஜெயித்தவன் போட்ட கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும். பாதியாகக் குறைத்தாலும் அது ஆறு மடங்குக்குக் குறையாது. இருந்தும் மரைக்காயர் படை சிதறியது. 20-க்கு மேற்பட்ட கலங்களும் 400 பீரங்கிகளும் பிடிபட்டதாகப் போர்த்துகீசியர் குறிப்புகள் சொல்கின்றன. தலைவர்கள் தப்பினார்கள். டி சோசா அங்கிருந்து நேரே கொழும்புக்குப் போனான். மாயாதுன்னை அண்ணனோடு சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

தங்கள் கரையில் அந்நியர் இருவர் மோதிக்கொண்டதைத் தட்டிக்கேட்க இங்கே ஆளில்லை. ராமநாதபுரத்தின் முதல் சேதுபதியான சடைக்கன் பட்டத்துக்கு வந்தது 1605-ல்தான். விஜயநகரம் தூரத்தில் இருந்தது. அதற்கோ கடற்படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மரைக்காயர்கள் இந்தத் தோல்வியோடு ஓய்ந்துவிடவில்லை. கோட்டக்கல்லில் இருந்த குஞ்ஞாலி மரைக்காயர்களின் கோட்டை 1600-ல்தான் விழுந்தது, அதுவும் சாமூதிரியே போர்த்துகீசியரோடு சேர்ந்துகொண்ட பிறகு.

வேதாளையில் நிலைகொண்ட போர்த்துகீசியர்கள், ராமேசுவரம் போகும் பாதையில் அகழி வெட்டி யாத்திரிகர்களிடம் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். 1549-ல் தெலுங்கு வடுகர் படை அங்கே வந்து இறங்கியது. இயேசு சபைப் பாதிரியார் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்ட அந்தக் கதை அடுத்த வாரம்.