மனித இயேசுவும் கண்டிச் சமூகமும்: ஒரு வரலாற்று நோக்கு

கி.பி. 451இல் கல்சதோன் நகரிற் கூடிய திருச்சங்கம், இயேசுவை முழுமையான தெய்வமாகவும் அதேவேளை முழுமையான மனிதராகவும் வரையறுத்தது. இறையியலாளர் இவ்வரையறையோடு அமைதியடையலாம். சமூக வரலாற்று மாணவனுக்கோ வினா இங்குதான் தொடங்குகின்றது. ‘மனிதர்’ என்னும் சொல் வரலாற்றிலே வெறும் கருத்துருவாக நிற்பதில்லை. எந்நிறத்தவர், எத்தொழிலினர், யாருடைய துயரத்தைச் சுமப்பவர் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு சமூகமும் தன் நிலைமைக்கேற்பவே விடை கண்டுள்ளது. கண்டிப் பிரதேச வரலாற்றில் இவ்விடைகள் மும்முறை மாறியுள்ளன. அம்மாற்றங்களின் சமூக அடிப்படையை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

முதலாவது கட்டம் கண்டி இராச்சிய காலத்துக்குரியது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்தனர். 1687இல் இலங்கை வந்த கோவைக் குரு யோசே வாஸ், 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றர் என்ற ஐயத்திற் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அந்நகரிலே பெரியம்மை பரவியவேளை அவர் நோயாளருக்கு ஆற்றிய தொண்டு, கண்டியில் அச்சமயத்துக்கு ஓரிடத்தைப் பெற்றுக் கொடுத்தது. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ், தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளிலும் நூலியற்றினார். ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னனின் (1707 - 1739) ஆதரவும் அவருக்குக் கிட்டியது. அம்மன்னன் மாளிகை அமைத்து வாழ்ந்த குண்டசாலையை அடுத்ததே இன்றைய பல்லேகல.

கொன்சால்வெஸ் தமிழில் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைப் பொருளாகக் கொண்டது. தவக்காலத்தில் இதனை இராகத்தோடு வாசிக்கும் மரபு இலங்கைக் கத்தோலிக்கத் தமிழரிடையே நிலைபெற்றது. இதன் சமகாலத்ததான வீரமாமுனிவரின் தேம்பாவணியோடு (1726) இதனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. தேம்பாவணியின் தலைவர் சூசை ஒரு தச்சர். ஆயினும் காப்பிய இலக்கணம் அவரைத் தன்னேரில்லாத் தலைவராக்கி, நாட்டு வளமும் நகர் வளமும் சூழ நிறுத்துகின்றது. வியாகுலப் பிரசங்கமோ அடிபட்ட உடலையும் தாயின் கண்ணீரையும் முன்னிறுத்துவது. முன்னையது புலவர் அவையை நோக்கியது; பின்னையது கூடி அழும் மக்களை நோக்கியது. மறைந்தும் அஞ்சியும் வழிபட்ட ஒரு சமூகத்துக்குத் துயருறும் மனிதரே அண்மையானவராக இருந்தார். ஆனால், அத்துயரத்தின் காரணம் மனிதரின் பாவமாகவே விளக்கப்பட்டது. அதிகாரத்தின் பங்கு குறித்த வினா எழவில்லை.

இரண்டாவது கட்டம் பிரித்தானியர் ஆட்சிக்குரியது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரிடையே சமயப் பணியாற்ற 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. தோட்டத்துரைமாரின் பொருளுதவி அதற்கிருந்தது. மனித சமத்துவம் பேசும் சமயம், தன் அமைப்பின் பெயரிலேயே ‘கூலி’ என்னும் இழிசொல்லை ஏற்றுக்கொண்டமை காலனித்துவச் சமயப் பணியின் உள்முரண்பாட்டைக் காட்டுகின்றது.

இதே காலனித்துவச் சூழலிலிருந்து வேறொரு போக்கும் தோன்றிற்று. 1872இல் நிறுவப்பட்ட கண்டி திரித்துவக் கல்லூரியின் தேவாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லூரியின் குருவான காஸ்டர் அதனைச் செதுக்கிய கற்றூண்களுடன் கண்டி மரபு மண்டபத்தின் சாயலில் வடிவமைத்தார். அங்கே டேவிட் பெயின்ரர் (1900 - 1975) தீட்டிய சுவரோவியங்களில் விவிலிய மாந்தர் இந்நாட்டு முகங்களோடும் இந்நாட்டு இயற்கைச் சூழலிலும் தோன்றுகின்றனர். வெண்ணிறத்துத் தாடியுடைய ஐரோப்பியக் கிறிஸ்து இங்கு விடைபெறுகின்றார். தேசிய விழிப்புணர்வின் கலை வெளிப்பாடாக இது பாராட்டத்தக்கது. எனினும், சுதேசியம் இங்கே எவ்வடிவில் மீட்டெடுக்கப்பட்டது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். தேவாலயத்துக்கு மாதிரியானது அரசவை மண்டபமே. லயன் அறையோ குடியானவன் குடிசையோ அன்று. தெய்வத்தின் நிறம் மாறிற்று. அதன் வர்க்கச் சூழல் பெரிதும் மாறவில்லை.

மூன்றாவது கட்டத்தை உருவாக்கியவை சுதந்திரத்துக்குப் பின்னான நிகழ்வுகள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. 1973 - 74 காலப்பகுதியின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிலே உயிர்களைப் பலிகொண்டது. இச்சூழலில் இயேசு சபைக் குரு போல் கஸ்பேர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் நிலையம், தோட்டத் தொழிலாளரின் ஊதியம், வதிவிடம், குடியுரிமை ஆகியவற்றை ஆய்வுக்கும் இயக்கத்துக்கும் உரிய பொருளாக்கியது. சிங்களவரும் தமிழரும் அங்கு இணைந்து பணியாற்றினர். இங்கே மனித இயேசு ஒப்பாரிக்குரிய உடலாகவோ சுதேசி முகமாகவோ மட்டும் நிற்கவில்லை. உரிமை மறுக்கப்பட்ட தொழிலாளியோடு அடையாளங் காணப்பட்டார். துயரத்தின் காரணம் பற்றிய வினா முதன்முறையாகச் சமூக அமைப்பை நோக்கித் திரும்பியது.

இத்திருப்பம் நிறுவனச் சமயத்துக்கு உவப்பானதாக இருக்கவில்லை. அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய 1990இல் வெளியிட்ட ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்னும் நூல், பணிவின் திருவுருவாகக் காட்டப்பட்ட மரியாளை ஏழை மக்களின் போராட்டத்திலே பங்குகொள்ளும் பெண்ணாகக் கண்டது. கோட்பாட்டு வழு என்ற பெயரில் 1997 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1998 ஜனவரியில் அத்தடை நீங்கியது. தெய்வத்தை மனிதநிலையிற் காண்பது வெறும் பக்தி உணர்வாக இருக்கும்வரை அதற்கு இடையூறில்லை; அதிகாரத்தை வினவும்போதே அது வழுவாகின்றது.

மதத்தை அபின் எனக் கூறிய மார்க்ஸ், மதத் துயரம் உண்மைத் துயரத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான மறுப்புமாகும் என்பதையும் அவ்விடத்திலேயே சுட்டியுள்ளார். நம்மிடையே முன்னதை நினைவிற் கொண்டோர் பலர்; பின்னதைக் கருத்திற் கொண்டோர் சிலர். வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு அழுத பெண்ணின் கண்ணீரை மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் எளிது. ஆனால், அக்கண்ணீருள் அவளது சொந்த வாழ்வின் துயரும் கலந்திருந்தது. அதனை விளங்கிக் கொள்ளாத முற்போக்கு, மக்களிடமிருந்து தன்னைத் தானே அந்நியப்படுத்திக் கொள்ளும்.

2003ஆம் ஆண்டின் சட்டம் மலையகத் தமிழரின் நாடற்ற நிலைக்குச் சட்ட அளவில் முடிவு கண்டது. லயன் அறைகளோ இன்னும் மறையவில்லை. 2018 மார்ச்சில் பல்லேகலவை அடுத்த திகனப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமை, இப்பிரதேசத்தில் யார் முழு மனிதர் என்னும் வினா இன்னும் தீரவில்லை என்பதை உணர்த்திற்று. கல்சதோன் சங்கம் ஒருவரது முழு மனிதத்தன்மையை வரையறுத்தது. அனைவரது முழு மனிதத்தன்மையையும் நிலைநாட்டுவது சங்கங்களால் ஆகும் காரியமன்று. அது சமூகப் போராட்டத்தின் பணியாகும். அப்பணியிலே நம்பிக்கையாளரும் நம்பிக்கையற்றோரும் இணைந்து நடக்கக்கூடிய தூரம், இரு சாராரும் எண்ணுவதினும் நீண்டது.