வில்லுக்கு மரமும் கைக்குப் பிடியும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே மாணவர்கள் இராமாயண நாடகம் ஒன்றை நடித்தனர். இராமனாக நின்ற மாணவன் நாணை இழுத்த மாத்திரத்தில் அவன் கையிலிருந்த மூங்கில் வில் நடுவே சிலும்பி முறிந்தது. மிதிலைக் காட்சியாக இருந்திருந்தால் பொருத்தமாகவே இருந்திருக்கும். அது வனவாசக் காட்சி. சபை சிரித்தது. திரைக்குப் பின்னால் எங்கள் காவலாளர் முறிந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, தோற்பக்கத்தை உள்ளுக்கு வைச்சு வளைச்சிருக்கிறாங்கள். முறியாமல் என்ன செய்யும்?" என்றார்.

வரலாறு கற்பிக்கும் நான் பல போர்களை வகுப்பிலே விவரித்தவன். ஆனால் வீரன் கையிலிருந்த வில் எந்த மரத்தாலானது, அதை அவன் எவ்வாறு பற்றினான் என்று அன்றுவரை எண்ணியதில்லை. அந்த எண்ணம் என்னை இங்கிலாந்தின் நெடுவில்லிடம் கொண்டு சென்றது. அவ்வில்லின் கதையையே இன்று கூற விரும்புகிறேன்.

வில்லை வளைக்கும்போது அதன் உடலில் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன. இலக்கை நோக்கிய புறத்தை வில்லின் முதுகு என்பர். எய்வோனை நோக்கிய புறம் அதன் வயிறு. நாணை இழுக்க இழுக்க முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. நீட்சியைத் தாங்காத முதுகு பிளக்கும். நெருக்கத்தைத் தாங்காத வயிறு நசுங்கி மடியும். ஆகவே வில் செய்வோன் ஒரே தடியில் இருவேறு குணங்களைத் தேடவேண்டியவனாகிறான்.

வெளிப்புறம் வைரமுள்ளவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுத்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். மூங்கில் அவ்வகையிற் புல்லினம். அதன் வலிமையெல்லாம் தோலை அடுத்த நார்களிலே உள்ளது. அத்தோற்புறம் முதுகாக அமைந்தால் நீட்சியைத் தாங்கும். எங்கள் மாணவர் அதனை வயிற்றுப் புறமாக வைத்தமையால், மெலிந்த உட்புறம் நீட்சிக்கு ஆளாகி முறிந்தது. காவலாளர் சொன்னதன் பொருள் இதுவே.

இங்கிலாந்தின் வில்வினைஞர் தேர்ந்த மரம் யூ என்னும் ஊசியிலை மரமாகும். அதன் வெளிறு வெண்மையானது, நீட்சியைத் தாங்குவது. அதன் வைரம் செம்மை கலந்த பழுப்பு நிறமுடையது, நெருக்கத்தைத் தாங்குவது. வெளிறும் வைரமும் சேர்ந்திருக்கும் இடத்திலே தடியைப் பிளந்து, வெளிறு முதுகாகவும் வைரம் வயிறாகவும் அமையுமாறு செதுக்கினர். பசையிட்டு ஒட்டாமலே இரு பொருள்களாலான வில் ஒன்று கிடைத்துவிட்டது.

இத்தகைய விற்களே 1346 ஆம் ஆண்டில் கிரெசியிலும் 1415 ஆம் ஆண்டில் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளை நிலைகுலையச் செய்தவை. அவ்வெற்றிகளை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றுக்கு மரம் வந்த வழியே நாம் கவனிக்க வேண்டியது.

இங்கிலாந்தில் வளர்ந்த யூ மரம் பெரும்பாலும் கணுக்கள் மலிந்தது, கோணலானது. மலைப்பகுதிகளின் குளிரிலே மெதுவாக வளர்ந்து, ஆண்டு வளையங்கள் நெருங்கியிருக்கும் மரமே வில்லுக்குச் சிறந்தது. அதற்காக ஐரோப்பியப் பெருநிலத்தையே இங்கிலாந்து எதிர்பார்த்திருந்தது. 1472 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் வணிகர், தொன் ஒன்றுக்கு 4 விற்றடிகள் வீதம் தம் சரக்கோடு கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. 1484 ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் காலத்துச் சட்டமோ, மால்ம்சி மதுவின் பீப்பாய் ஒவ்வொன்றோடும் 10 விற்றடிகள் வரவேண்டும் என்றது. மது வேண்டுமாயின் மரமும் தருக என்பதே அதன் சாரம். உள்நாட்டு வில்வினைஞரும் யூ வில்லோடு எல்ம், ஆஷ் முதலிய மரங்களால் மலிவான விற்களையும் செய்யவேண்டும் எனப் பணிக்கப்பட்டனர். ஆண்டுதோறும் வெட்டியதன் விளைவாக, மெதுவாக வளரும் அம்மரம் பல காடுகளில் அருகிப்போயிற்று.

அவ்விற்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி கடலடியிலிருந்து கிடைத்தது. எட்டாம் ஹென்றியின் மேரி றோஸ் என்னும் போர்க்கப்பல் 1545 ஆம் ஆண்டு ஜூலை 19 இல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அப்பால் மூழ்கியது. அதன் உடற்பகுதி 1982 ஆம் ஆண்டில் வெளியே தூக்கப்பட்டது. கடலடிச் சேற்றிலே 130 க்கு மேற்பட்ட முழு விற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கெடாமற் கிடந்தன. விற்கள் ஏறத்தாழ 6 அடி 2 அங்குலம் முதல் 6 அடி 11 அங்குலம் வரை நீளமானவை. அவற்றை முழுதும் இழுக்க 100 முதல் 185 இறாத்தல் வரை விசை தேவைப்பட்டிருக்கும் என ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

அவ்விற்களில் தனியான பிடி இல்லை. தோலுறையும் இல்லை, துணிச்சுற்றும் இல்லை. நடுவே தடித்தும் இரு முனைகளை நோக்கி மெலிந்தும் செல்லும் வெறுந்தடியே வில். வீரன் அதனைப் பற்றிய இடத்துக்குமேல், அவன் கைமுட்டியின்மீது அம்பு கிடந்தது. கைக்கேற்ப வில்லைக் குடையவில்லை. வில்லுக்கேற்பக் கையே பழகிக்கொண்டது. அக்கப்பலில் மடிந்தோரின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், பலருடைய தோட்பட்டை எலும்பின் நுனி முதிர்ந்த வயதிலும் ஒன்றாகப் பொருந்தாமல் இருந்ததைக் கண்டனர். இளமை தொட்டுக் கடும் வில்லை இழுத்துப் பழகியமையே இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. யூ மரத்தை மட்டுமன்று, மனித உடலையும் அந்த வில் செலவாகக் கேட்டது.

ஆயினும் அப்பழக்கம் முரட்டுத்தனமாகப் புகட்டப்பட்டதன்று. லட்டிமர் என்னும் சமயப் பெரியார் 1549 ஆம் ஆண்டில் ஆறாம் எட்வர்ட் மன்னன் முன் பிரசங்கித்தபோது தம் இளமையை நினைவுகூர்ந்தார். தம் தந்தையார் தம்முடைய வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற விற்களை வாங்கித் தந்தார் என்றும், வளர வளர வில்லும் பெரிதாயிற்று என்றும், கைவலியால் இழுக்காமல் உடல் முழுவதையும் வில்லிற் செலுத்தப் பழக்கினார் என்றும் கூறினார். எலிசபெத் இளவரசியின் ஆசிரியராய்ப் பின்னர் விளங்கிய றொஜர் அஸ்கம் 1545 ஆம் ஆண்டில் வில்வித்தை பற்றி 'டொக்சோஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். எல்ம், ஆஷ் முதலியவற்றைச் சாதாரணமானவை என ஒதுக்கி, யூ மரமே நிறைவானது என்று அதில் முடிவு செய்தார்.

அந்நூல் வெளிவந்து 50 ஆண்டுகளில் நிலை மாறியது. 1595 ஆம் ஆண்டில் அரசியின் ஆலோசனைச் சபை, பயிற்சிப்படையினர் வில்லை விடுத்துத் துவக்கை ஏந்துமாறு பணித்தது. துவக்கு அன்று வில்லைவிட மெதுவாகவே சுட்டது. எனினும் அதைக் கையாளச் சில வாரங்களில் ஒருவனைப் பழக்கலாம். நெடுவில்லாளனை ஆக்க அவன் சிறுவனாயிருக்கும்போதே தொடங்கவேண்டும். மரத்தை வெளிநாட்டிலிருந்து வருவிக்கச் சட்டம் போதுமானது. பழக்கத்தை அவ்வாறு வருவிக்க இயலவில்லை.

போரிலிருந்து நீங்கிய வில் விளையாட்டிலே மறுபிறவி எடுத்தது. 1781 ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லாளர் சங்கம் ஒன்று தோன்றியது. பின்னர் அது அரச மதிப்பும் பெற்றது. அக்காலத்திலே ஹிக்கரி மரக்கீற்றை முதுகாக ஒட்டிய விற்கள் வழக்கத்துக்கு வந்தன. நடுப்பகுதி விறைப்பாக வைக்கப்பட்டு, அதன்மேல் துணியோ தோலோ சுற்றிய பிடியும் அமைந்தது. 20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான ஹிக்மன், குளொப்ஸ்டெக் முதலிய அறிவியலாளர் வில்லை ஆராய்ந்து, தட்டையான குறுக்குவெட்டே விசையைச் சீராகப் பகிர்கிறது என்று காட்டினர். ஹவர்ட் ஹில் என்ற புகழ்பெற்ற வில்லாளர் மூங்கிற் பட்டைகளை அடுக்கி ஒட்டிய நெடுவில்லையே விரும்பினார். 1940 களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடியிழை முதுகிலும் வயிற்றிலும் ஏறியது. பின்னாளில் கரியிழையும் வந்தது.

ஆகவே இன்று தமக்கென ஒரு நெடுவில்லைச் செய்விக்க விரும்புவோர் இரண்டு தெரிவுகளை எதிர்நோக்குகின்றனர். முதலாவது, வில்லின் மேல்கீழ்க் கிளைகளின் பொருள். யூ மரத்தாலான ஒற்றைத்தடி வில், பழைய வரலாற்றைக் கையில் ஏந்திய உணர்வைத் தரும். ஆனால் விலையுயர்ந்தது, வெப்பத்திலும் ஈரத்திலும் குணம் மாறுவது. மூங்கிலை நடுவே கொண்டு கண்ணாடியிழை போர்த்த வில், பருவமாற்றத்தைத் தாங்கி நாள்தோறும் ஒரே வகையில் எய்யும்.

இரண்டாவது, பிடி. நேரான பிடி பழைய வழியைத் தழுவியது. அதில் உள்ளங்கையின் அடிப்பகுதி அழுந்துவதால், கையை நாளுக்கொரு வகையாக வைப்போரின் அம்பு நாளுக்கொரு பக்கம் போகும். உள்ளங்கைக்கேற்பச் சற்றே குழிந்த பிடி, கையைத் தவறாமல் ஒரே இடத்தில் இருத்தும். சிறிய கைக்கு மெல்லிய பிடியும் பெரிய கைக்குத் தடித்த பிடியும் பொருந்தும்.

எதைத் தேர்வதெனக் கேட்போருக்கு, லட்டிமரின் தந்தையார் செய்ததையே நான் விடையாகச் சொல்வேன்: எய்பவனின் வயதையும் வலிமையையும் முதலில் அளக்க வேண்டும். பெருவீரன் ஒருவனின் வில்லை நினைத்து, தன்னால் இழுக்க இயலாத கடும் வில்லை வாங்குபவன் தோளை நோகச்செய்து, ஓராண்டுக்குள் அதைச் சுவரிலே மாட்டிவிடுவான். பாடநூலைத் தேரும்போதும் ஆசிரியராகிய நாம் இத்தவற்றைச் செய்கிறோம் அல்லவா?

மறு ஆண்டு எங்கள் நாடகம் மீண்டும் மேடையேறியது. காவலாளர் மாணவனை அருகில் நிறுத்தி, அவன் தோளுக்கும் கைக்கும் அளந்து, தோற்புறம் வெளியே நிற்குமாறு மூங்கிலைத் தாமே சீவினார். நடுவே பழைய துணியைச் சுற்றிப் பிடியும் வைத்தார். வில் முறியவில்லை. அது இன்றும் எங்கள் வரலாற்று வகுப்பறையில் இருக்கிறது; கிரெசிப் போரைக் கற்பிக்கும் நாளில் அதைக் கையிலெடுத்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.