புத்தளக் கரையின் பழங்குடிகள்

நாம் கல்வி கற்றது கிறித்தவ மிஷன் பாடசாலையொன்றில். பிரெஞ்சுப் புரட்சியையும் கைத்தொழிற் புரட்சியையும் ஆண்டு தவறாது ஒப்புவித்தோம். ஆயினும் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி யாரென்று எவரும் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834இல் அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தேழைத் தாண்டவில்லை. தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' வெளிவந்தது 1859இல். நம் சங்கத்து இளைஞர்கள் அந்த முதல் நூலின் வயதுக் கணக்கைச் சற்று மனத்திற் கொள்வார்களாக.

புத்தளத்து முக்குவரைப் பற்றியும் அவர் எழுதி வைத்தார். அவர்களுக்கெனப் பதினெட்டு உறுப்பினர் கொண்ட ஒரு நியாய மன்றம் இருந்ததாம். அதன் பெயர் முத்திரைக்கூடம். அக்குலத்தின் வழித்தோன்றல்களிற் பலர் பின்னர் இஸ்லாத்தையும் கத்தோலிக்கத்தையும் தழுவினர். அன்று காசிச்செட்டி எழுதாது விட்டிருப்பின், அந்த மன்றத்தின் பெயர் நம்மவர் காதில் விழுந்திருக்குமா என்பது ஐயமே.

இக்கரையின் பழங்குடிகள் யார் என்று கேட்டால், தத்தம் முன்னோரே முந்தி வந்தவர் என்று பலரும் சொல்வர். மண்ணைக் கேட்டால் அது வேறு விடை தருகிறது. கலா ஓயாவுக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுப் பகுதியிலுள்ள பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் புதைந்து கிடக்கின்றன. 1920களில் ஹோக்காட் என்பவரும், மீண்டும் 1970இல் வேறு ஆய்வாளரும் அகழ்ந்தபோது எலும்புகளும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை அறிஞர் ஒப்பிடுவர். இறந்தோர் எம்மொழி பேசினர் என்பதைத் தாழி சொல்லாது. அதனை வைத்துச் சண்டையிடுவோர் இருபுறமும் உண்டு. நாம் அதிற் சேரோம்.

1344இல் இக்கரையில் இறங்கிய இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியை இங்கே கண்டு பேசியதையும், அவ்வரசரிடமிருந்த முத்துக்களையும் எழுதியுள்ளார். குதிரைமலையில் அல்லியரசாணி ஆண்டாள் என்பது மக்கள் வாய்க்கதை. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழியினர் வாழ்கின்றனர். ஐரோப்பியர் ஆட்சியிற் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். போர்த்துக்கேயம் கலந்த 'மாஞ்சா' பாடல்கள் அவர்களுடையவை.

எமக்கு மிக நெருங்கியது உடப்பு. இராமநாதபுரக் கரையிலிருந்து முன்னோர் வந்தனர் என்பது அவ்வூரார் மரபு. பாரதப் போர் பதினெட்டு நாள் நடந்தது போலவே, திரௌபதையம்மன் கோயில் விழாவும் பதினெட்டு நாள் நடைபெறும். ஆடி மாதத்தில் தீமிதிப்போடு நிறைவுறும். ஏடு தூக்கிப் படித்தறியாத மீனவரும் அருச்சுனன் தபசைக் கோயில் முற்றத்தில் கண்டே அறிந்தவர்.

அவ்வூரின் மற்றொரு செல்வம் அம்பாப் பாடல். கரைவலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று இழுக்கும்போது ஒருவர் அடியெடுப்பார், ஏனையோர் ஏற்பார்கள். பாட்டின் தாளமே இழுப்பின் தாளம். அதில் தெய்வமும் வரும், கேலியும் வரும். கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கிய இடங்களிலோ பாட்டுக்கு வேலை இல்லை. இயந்திரத்தை வெறுக்க எமக்கு உரிமையில்லை. கயிறு உரசிக் கை காய்த்தவர் நாமல்லர்.

தெற்கே சிலாபம், நீர்கொழும்புக் கரையில் இன்னொன்று நடக்கிறது. வீட்டில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்களிலே பிள்ளைகள் சிங்களத்திற் படித்தனர். பாட்டி தமிழிற் கேட்க, பேரன் சிங்களத்தில் மறுமொழி சொல்லும் வீடுகளை நாமே கண்டிருக்கிறோம். அந்தப் பாட்டியின் சொற்களை எழுதி வைத்தவர் மிகச் சிலர்.

சென்ற ஆண்டு நண்பர் மூவரும் நாமுமாய்க் குறிப்பேட்டோடு உடப்புக்குச் சென்றோம். பெரியவர் ஒருவர் கோயில் நிழலில் அமர்ந்து, எமக்காக அம்பா ஒன்றைத் தொடங்கினார். மூன்றாம் அடியிற் குரல் நின்றது. சிறிது யோசித்தார், மீண்டும் தொடங்கினார், அதே இடத்தில் நின்றார்.

"மிச்சம் கயிறு கையில இருந்தாத்தான் வரும், தம்பிமார். விடிய வாங்கோ" என்றார்.

விடியுமுன்னரே கரைக்குப் போனோம்.